இழுத்துப் பூட்டிய குழாய்

பாப்பா,

இன்றோடு ஒன்பது நாள். காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று, கடையைச் சாத்திவிட்டு ஒன்று என்று நான் போன் அடிக்கிறேன். அது முழுசாக அடித்து ஓய்கிறது. பிறகு எவளோ ஒருத்தி வந்து நீ எடுக்கவில்லை என்று எனக்கே சொல்கிறாள். உங்கம்மா அடித்தால் மட்டும் இரண்டாவது மணியிலேயே எடுக்கிறாய். அவள் போனைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். போன வாரம் வரைக்கும், வெளியே வந்ததும் "என்னா சொன்னா?" என்று கேட்டால், "நல்லாத்தான் இருக்கா. சாப்புட்டாளாம். ஒங்ககிட்ட பேசத்தான் புடிக்கலியாம்" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு, பொம்மைக்குக் கண் எழுதுகிற பிரஷ்ஷைத் தேடப் போய்விடுவாள்; இந்த வாரம் அதுவும் இல்லை. எனக்கு வருகிற எரிச்சலுக்கு அளவே இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். போனைக் கட் பண்ணலாம், கடிதத்தை அப்படிச் செய்ய முடியாது. கிழித்துப் போடலாம். ஆனால் கிழிப்பதற்கு முன்னால் நாலு வரியாவது படிப்பாய், உன் குணம் எனக்குத் தெரியும்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இதை நீ மட்டும் படிக்கப்போவதில்லை. இன்னொருத்தரும் படிக்கப்போகிறார். யார் என்று போகப்போகத் தெரியும். அவருக்கு நம் தொழில் தெரியாது. ஆகவே உனக்கு அரிச்சுவடியான சங்கதிகளைக்கூட விளக்கித்தான் எழுத வேண்டியிருக்கிறது. எனக்கே பாடம் எடுக்கிறாரா என்று கோபப்படாதே. இருக்கிற கோபமே நம் இரண்டு பேருக்கும் போதும்.

நீ சென்னையில் விமானம் பழுதுபார்க்கிற வேலையில் இருக்கிறாய். அன்றைக்கு ஒரு விமானத்தின் சக்கரத்துப் பக்கத்தில், பிரேக்குக்கு எண்ணெய் கொண்டுபோகிற ஹோஸ் ஒன்று மேலுறை உரிந்து கிடந்தது. நீயும் உன்னோடு வேலை பார்க்கிற பிரகாஷும் அதை மாற்றினீர்கள். ஹோஸ் மாட்டும்போது ஒருவர் ஸ்பேனர் போட்டு அதன் கழுத்தை அசையாமல் பிடிக்க வேண்டும், மற்றவர் நட்டை முறுக்க வேண்டும். பிடி நழுவினால் நட்டோடு சேர்ந்து ஹோஸும் திருகிக்கொள்ளும். அதைக் கண்டுபிடிப்பதற்காகவே ஹோஸின் நீளத்துக்கு ஒரு கோடு அச்சடித்திருப்பார்கள். கோடு நேராக ஓடினால் சரி. சுற்றிக்கொண்டு ஓடினால் ஹோஸ் திருகியிருக்கிறது. திருகின ஹோஸ் அன்றைக்கே வெடிக்காது. உள்ளே அழுத்தம் ஏறும்போதெல்லாம் தன்னை நிமிர்த்திக்கொள்ளப் பார்க்கும். பார்த்துப் பார்த்து ஒருநாள் நட்டைத் தளர்த்திவிடும், இல்லையென்றால் கழுத்தில் கிழியும். விமானம் எந்த ஊரில் எப்படி இறங்கிக்கொண்டிருக்கும்போது என்பதை யாரும் சொல்ல முடியாது.

நீ பிடித்தாய், பிரகாஷ் முறுக்கினான். உன் பிடி ஒரு நொடி நழுவியது. வேலை முடிந்து, கையெழுத்துப் போட்டு, அறைக்கு வந்து கையைக் கழுவும்போதுதான் உனக்கு உறைத்தது: கோட்டை வளைவு வரைக்கும்தான் டார்ச் அடித்துப் பார்த்தோம், வளைவுக்கு அந்தப் பக்கம் பார்க்கவில்லை. உடனே உன் மேலதிகாரிக்குப் போன் செய்து, கோட்டை முழுசாகப் பார்க்கவில்லை என்று சொன்னாய். அதற்குள் விமானத்தில் ஆள் ஏறியாகிவிட்டது. எல்லோரையும் இறக்கிவிட்டுப் பார்த்தார்கள். அரைச் சுற்று திருகியிருந்தது. அதற்கு உனக்குக் கிடைத்த மரியாதை, விசாரணை முடியும்வரை வேலைக்கு வராதே என்பது. வரும் வியாழக்கிழமை விசாரணை. வேலை போகலாம். அதைவிட, இந்தக் கறை உன் காகிதத்தில் ஏறினால் வேறு எந்த விமானத்திலும் உன்னைக் கை வைக்க விடமாட்டார்கள்.

இதைக் கேட்டதும் ஒரு அப்பன் என்ன சொல்ல வேண்டும்? நான் சொன்னது உனக்கு மறந்திருக்காது. "பிடி நழுவுனது அந்தப் பையனுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். "தெரியாதுப்பா" என்றாய். "அப்ப என்னாத்துக்கு நீயா போயி சொல்ற? நா கெட்டியாத்தான் புடிச்சிருந்தன்னு சொல்லு. முறுக்குனவன் அவன், சீனியரும் அவன். அவன் பாத்துக்குவான்" என்றேன். நீ, "அப்பா, நீங்களா இப்பிடிப் பேசுறீங்க?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாய். அன்றைக்கு வைத்த போன்தான், இன்னும் எடுக்கவில்லை.

முதல் இரண்டு நாள் எனக்கு உன்மேல்தான் ஆத்திரம். ஊரில் இல்லாத அரிச்சந்திரன் வீட்டுப் பெண்ணா நீ? பெயரைக் கெடுத்துக்கொள்ளத் தெரிந்தவளுக்குப் பிழைத்துக்கொள்ளத் தெரியவில்லையே என்று கடையில் உட்கார்ந்து பொருமிக்கொண்டிருந்தேன். ஜங்ஷன் ரோட்டில் ஹோஸ் கடை வைத்திருக்கிறவனிடம் வருகிறவர்கள் எல்லாம் யார்? ஜே.சி.பி. டிரைவர், நெல் அறுப்பு மெஷின்காரன், செராமிக் கம்பெனியில் பிரஸ் ஓட்டுகிறவன். கம்மாபுரத்திலிருந்து ஒரு டிரைவர் வந்தான். வெடித்த ஹோஸின் மேல் சைக்கிள் டியூபைச் சுற்றி, அதற்குமேல் கம்பியைச் சுற்றி, அப்படியே ஒரு வாரம் ஓட்டியிருக்கிறான். "சார், இன்னும் ரெண்டு சுத்து சுத்திக் குடுங்க சார், இந்த வேலைய முடிச்சிட்டு மாத்திக்கறேன்" என்றான். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "சுத்தி மறைச்சிட்டா ஓட்ட போயிடுமாய்யா? ஊசி முனை ஓட்டையில வர்ற எண்ணெய் கையில பட்டா தோலைக் கிழிச்சி உள்ள போவும், வெரல வெட்டணும், தெரியுமா?" என்று கத்தினேன். அவன் பயந்துபோய், "இல்ல சார், மாத்திடுங்க சார்" என்றான். பழைய ஹோஸை வெட்டிப் போட்டுவிட்டுப் புதிதுக்கு முனை அடித்துக்கொண்டிருக்கும்போதே எனக்குக் கை ஓடவில்லை. ஒரு ஹோஸுக்கு இவ்வளவு நியாயம் பேசுகிறவன், பெற்ற பெண்ணிடம் போனில் என்ன பேசினான்?

போனில் உன்னிடம் பேசியதை உங்கம்மாவிடம் சொன்னேன். ஆறுதலாக ஒரு வார்த்தை வரும் என்று நினைத்தேன். அவள் பொம்மையைக் கீழே வைக்காமலே, "பச்ச மண்ணுல விரிசல் வுழுந்தா களிமண்ண வெச்சிப் பூசக்கூடாதுன்னு எங்க பொம்மக் கம்பெனியில நேத்து சேந்தவளுக்குக்கூடத் தெரியும். சூளையில வெச்சா அதே எடத்துல வாயத் தொறந்துடும். ஒங்களுக்குத் தெரியல, எந்நேரமும் பூசிக்கினே இருக்கறீங்க" என்றாள். அவளுக்கு அப்போது என் பழைய கதை எதுவும் தெரியாது, பாப்பா. வாய்க்கு வந்ததைச் சொன்னாள். ஆனால் எனக்கு உடம்பெல்லாம் சுட்டது.

உனக்கு நினைவிருக்கும், ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது உங்கம்மா வர்ணம் பூசிக் காயவைத்திருந்த பிள்ளையாரை உடைத்துவிட்டாய். உடைத்ததை யாரிடமும் சொல்லாமல் பசை போட்டு ஒட்டி, தும்பிக்கை ஒட்டின பக்கம் சுவரைப் பார்க்கிற மாதிரி வைத்துவிட்டாய். வாங்க வந்தவர் கையில் எடுத்ததும் தும்பிக்கை தனியாக வந்தது. அவர் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. உன்னை அடித்தேன். உன் வாழ்நாளில் நான் உன்னை அடித்தது அந்த ஒரு தடவைதான். "ஒடச்சதுக்கு அடிக்கல. ஒட்டி வெச்சிட்டு சொல்லாம இருந்தியே, அதுக்கு" என்று சொல்லிச் சொல்லி அடித்தேன். உங்கம்மா குறுக்கே வந்து விழுந்து தடுத்தாள். ஒரு பொம்மைக்கு இத்தனை அடியா என்று அவளுக்கு இன்றுவரை புரியவில்லை. அந்த அடிதான் இன்றைக்கு உன்னைப் போன் செய்ய வைத்திருக்கிறது. நான் போட்ட விதை என் வாசலிலேயே முள்ளாக முளைத்திருக்கிறது, நான் யாரிடம் போய் முறையிட?

அப்போது நான் அடித்தது உன்னை இல்லை. அதைத்தான் எழுத வந்தேன், சுற்றிச் சுற்றி வருகிறேன்.

நான் படையில் ஹெலிகாப்டர் மெக்கானிக்காக இருந்தது உனக்குத் தெரியும். கருவேப்பிலங்குறிச்சி கலியமூர்த்தி சித்தப்பா என்னோடு ஒரே நாளில் சேர்ந்தவர், நம்ம விருத்தாசலம் ஜங்ஷனில் ஒரே ரயிலில் ஏறியவர், கட்டுச்சோற்றைப் பாதி எனக்குக் கொடுத்தவர் என்பதெல்லாம் தெரியும். பத்துக் கல் தொலைவில் இருக்கிற அவர் வீட்டுக்கு நாம் ஏன் போவதே இல்லை என்று நீ இரண்டு மூன்று தடவை கேட்டிருக்கிறாய். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பொய் சொன்னேன்.

உனக்கு மூன்று வயது இருக்கும். என்னை ஒரு மலைமேல் இருந்த சின்ன முகாமுக்கு அனுப்பியிருந்தார்கள். ஹெலிகாப்டர் இறங்க ஒரு தட்டையான இடம், இரண்டு கூடாரம், அவ்வளவுதான். ஒருநாள் மத்தியானம் ஒரு சிப்பாயை இறக்கிக் கொண்டுபோக ஹெலிகாப்டர் வந்தது. அந்தப் பையனுக்கு நுரையீரலில் நீர் கோத்து மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. இறங்கின ஹெலிகாப்டரின் வயிற்றில் சிவப்பாக எண்ணெய் ஒழுகுகிறது. ஒரு மூடியைக் கழற்றிப் பார்த்தேன். விமானி அசைக்கிற கோலுக்குப் பலம் கொடுக்கிற குழாய், சுண்டுவிரல் கனம். அதைப் பிடித்திருக்கும் கிளாம்பின் ரப்பர் தேய்ந்துபோய், இரும்பு நேராகக் குழாயில் உரசி உரசி ஊசி முனை அளவுக்கு ஓட்டை போட்டிருந்தது. கீறல் என்றால் தேய்த்து வழவழப்பாக்கிவிட்டுப் போகலாம். ஓட்டைக்கு அது நடக்காது. கெட்ட பாகத்தை வெட்டி எடுத்துவிட்டு, அதே நீளத்துக்குப் புதுத் துண்டு வெட்டி, இரண்டு பக்கமும் நட்டுப் போட்டு இணைக்க வேண்டும். வெட்டவெளியில் இப்படிச் செய்ய அனுமதி உண்டு. ஆனால் அது தற்காலிகம். செய்ததை ஹெலிகாப்டரோடு இருக்கிற வேலைப் புத்தகத்தில் எழுத வேண்டும், அந்த இடத்தில் சிவப்புச் சீட்டு கட்ட வேண்டும், தளத்துக்குப் போனதும் முழுக் குழாயையும் மாற்ற வேண்டும்.

அளந்தேன். வெட்டினேன். குளிரில் விரல் மரத்துப்போயிருந்தது. துண்டின் வாயை விரித்து நட்டுக்குள் உட்கார வைக்கிறோமே, அந்த விரிப்புக்கு எவ்வளவு போகும் என்பதைக் கணக்கில் சேர்க்காமல் வெட்டிவிட்டேன். மாட்டிப் பார்த்தால் துண்டு குட்டை. அதிகமில்லை, ஒரு நெல்லின் அகலம். இன்னொரு துண்டு வெட்டப் பையில் குழாய் இல்லை. மலையில் மேகம் இறங்கிக்கொண்டிருக்கிறது. விமானி, "ஆகுமா, ஆகாதா?" என்று கேட்கிறார். அந்தப் பையன் படுத்த இடத்திலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறான். குழாய் தானாக வந்து தன் இடத்தில் உட்கார வேண்டும், நட்டை முறுக்கி இழுத்து உட்கார வைக்கக் கூடாது என்பது எங்களுக்கு முதல் நாள் பாடம். இழுத்துப் பூட்டின குழாய் எந்நேரமும் விறைப்பாகவே நிற்கும், ஆட்டம் வாங்க வாங்க வாயில் விரிசல் விடும். தெரிந்தே இழுத்துப் பூட்டினேன். அழுத்தம் ஏற்றிப் பார்த்தோம். ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஹெலிகாப்டர் ஏறிப் போனது, பையன் பிழைத்தான். அடுத்த நாள் அதே விமானி வந்து முதுகில் தட்டி, தங்கக் கை என்று பாராட்டி, அவசரத்தில் எழுதாமல் விட்ட புத்தகத்தை நீட்டினார்.

அன்றைக்கு வெட்டியது தப்பில்லை, பாப்பா. இழுத்துப் பூட்டியதுகூட அந்த நேரத்துக்குத் தப்பில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். தப்பு, புத்தகத்தைத் திறந்தபோது செய்ததுதான். தற்காலிக வேலை என்று எழுதினால் தளத்தில் அதைக் கழற்றுவார்கள். கழற்றினால் துண்டு குட்டை என்பதை ஒரு கூட்டமே நின்று பார்க்கும். தங்கக் கைக்காரன் அளக்கத் தெரியாதவன் என்று சொல்வார்கள். அந்த வெட்கம்தான். வேறொன்றும் இல்லை. "ஒழுகல் இருந்தது, நட்டு முறுக்கப்பட்டது, சரியாகிவிட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சிவப்புச் சீட்டைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டேன். தளத்துக்குப் போன பிறகு நானே ஓசைப்படாமல் மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். நான் திரும்புவதற்குள் என்னை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள்.

சில மாதம் கழித்து அந்தக் குழாய் வானத்தில் விரிசல் விட்டது. விமானி எப்படியோ ஒரு வயலில் கொண்டுவந்து போட்டார். யாரும் சாகவில்லை. அவருக்கு முதுகெலும்பு நசுங்கி மாதக்கணக்கில் படுக்கை. விசாரணை வைத்தார்கள். மேசைமேல் குழாய் கிடக்கிறது, நடுவில் ஒரு ஒட்டு, புத்தகத்தில் அப்படி ஒரு ஒட்டே இல்லை. கடைசியாக அந்த ஹெலிகாப்டரைச் சோதித்துக் கையெழுத்துப் போட்டவர் கலியமூர்த்தி. புத்தகத்தில் இல்லாததால் அவர் அந்த மூடியைத் திறக்கவில்லை. திறந்து பார்த்திருக்க வேண்டியது உன் கடமை என்று பழியை அவர்மேல் போட்டார்கள். பழைய ஒழுகலைப் பற்றி எனக்கும் ஒரு கேள்வித்தாள் வந்தது. குழாயை வெட்டினாயா என்று நேராகவே கேட்டிருந்தார்கள். "இல்லை. நட்டை மட்டும் முறுக்கினேன்." இரண்டே வரி எழுதி அனுப்பினேன். அவருடைய பதவிப் பட்டையைப் பறித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நான் முழுச் சர்வீஸ் முடித்து, நல்ல பெயரோடு வந்து, கடை வைத்தேன். அவர் ஊர் ஊராகப் போர்வெல் மோட்டார் கழற்றி மாட்டிக்கொண்டிருக்கிறார். எந்த விமான நிலையத்திலும் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

பிறகு ஒரு கல்யாணப் பந்தியில், அவர் மனைவி அஞ்சலை உங்கம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. "எவன் பண்ண வேலைக்கோ எம் புருஷன் தலைகுனிஞ்சி நிக்கறாரு அக்கா. எவன்னு எனக்குத் தெரியாது. கொளஞ்சியப்பர்கிட்ட பிராது கட்டிட்டன். அவரு பாத்துக்குவாரு." இலையில் வைத்த சோற்றை நான் அப்படியே மூடிவிட்டு எழுந்தேன். அதற்குப் பிறகு அவர்கள் வீட்டுப் பக்கமே போகவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நான் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போனேன். எதற்குத் தெரியுமா? உன் மேலதிகாரிமேல் பிராது கட்ட. கோர்ட்டுக்கு மனுக் கொடுப்பதுபோல் குறையைத் தாளில் எழுதி வேலில் கட்டினால் கொளஞ்சியப்பர் தீர்த்துவைப்பார், தீர்ந்த பிறகு போய் வாபஸ் வாங்கிக்கொள்ள வேண்டும். நம் பக்கத்தில் போலீசுக்குப் போகாதவன் உண்டு, அங்கே போகாதவன் இல்லை. தாளை வாங்கி, பெயர், ஊர் எல்லாம் எழுதிவிட்டேன். பக்கத்தில் இருந்தவர், "யாரு மேல சார் பிராது? என்னா கொறைன்னு தெளிவா எழுதுங்க, மொட்டையா எழுதக் கூடாது" என்றார். தெளிவாக என்ன எழுதுவேன்? என் பெண் உண்மையைச் சொன்னாள், அவளைக் காப்பாற்ற நான் பொய் சொல்லச் சொன்னேன், அவள் கேட்கவில்லை என்றா? தலையை நிமிர்த்தினால் வேல் முழுக்கத் தாளாகத் தொங்குகிறது. இருபத்து நாலு வருடத்துக்கு முன்னால் இதே இடத்தில் என்மேல் ஒன்று கட்டப்பட்டது. பெயர் எழுதாத பிராது. வாபஸ் வாங்காத பிராது. என் தாளை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வண்டியை எடுத்துக்கொண்டு நேராகக் கருவேப்பிலங்குறிச்சிக்குப் போனேன்.

கலியமூர்த்தி வாசலில் ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், நேற்றுப் பார்த்தவரைப்போல, "வாய்யா. அந்த ஸ்பேனர எடு" என்றார். எடுத்துக் கொடுத்தேன். நின்றுகொண்டே சொன்னேன். மலை, குட்டைத் துண்டு, புத்தகம், இரண்டு வரி, எல்லாம். அவர் கை நிற்கவே இல்லை. கடைசியில், "தெரியும்யா" என்றார்.

"என்னா தெரியும்?"

"வெட்டுன வாய உள்ளயும் வெளியயும் வழிச்சி வழிச்சி அரம் போட்டு வெக்கற ஆளு நம்ம யூனிட்டுல நீ ஒருத்தன்தான். மேசையில பாத்ததுமே ஒன் கையின்னு தெரிஞ்சிபோச்சி."

"அப்ப ஏன்யா சொல்லல?"

"சொல்லலாம்னுதான் வாயத் தொறந்தேன். அதுக்குள்ள நீ எழுதுன ரெண்டு வரியப் படிச்சிக் காமிச்சானுங்க. அதுக்கப்புறம் நா என்னாத்தச் சொல்றது? நீயா வந்து சொல்லுவன்னு பாத்தேன். நீ கல்யாணத்துல பந்திய வுட்டு எழுந்து ஓடுன."

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம் வந்தது. இத்தனை வருடம் தெரிந்தே என்னை ஒளிந்து திரிய விட்டிருக்கிறாரே என்று அவர்மேலேயே ஆத்திரம். பார், என் யோக்கியதையை! அதற்குள் அஞ்சலை டீ கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். "அவகிட்டயும் நீயே சொல்லிடு. பிராது கட்டுனவ அவதான்" என்றார் கலியமூர்த்தி. மறுபடியும் முதலிலிருந்து, அவருக்கு அப்போதே தெரியும் என்பது வரைக்கும் சொன்னேன். அஞ்சலை கத்தவில்லை. என் கையிலிருந்த டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் இன்னும் ஒரு வாய்கூடக் குடித்திருக்கவில்லை. உள்ளேயிருந்து, "ஒனக்குமா தெரியும்? இருபத்து நாலு வருஷமா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லணும்னு தோணலியா ஒனக்கு? எவனோ எவனோன்னு நா கோயில் கோயிலா அழுதுக்கினு இருந்தனே!" என்று புருஷனைப் பிடித்துக்கொண்டாள். அவர் மோட்டாரையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் இரண்டு ஆண்களின் பெரிய மனசும் ரோஷமும் அவள் தலையில் விடிந்திருக்கிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

நான் கிளம்பும்போது வெளியே வந்தாள். "வாயால சொன்னது காத்தோட போயிடும்ங்க. எழுதிக் குடுங்க. அன்னிக்கு ரெண்டு வரி எழுதுனீங்கல்ல, இன்னிக்கு முழுசா எழுதுங்க. எனக்குப் புரியறாப்புல எழுதுங்க. படிச்சிட்டு, வாபஸ் வாங்கறதா வேணாமான்னு நா பாத்துக்கறேன்" என்றாள். உங்கம்மாவிடமும் அன்றைக்கே சொல்லிவிட்டேன். அவள் ஐந்து நாளாக என்னிடம் பேசவில்லை. இப்போது வீட்டில் என்னோடு பேசுவது அந்தப் போன்காரி ஒருத்திதான்.

ஆக, இந்தக் கடிதத்தை மூன்று படி எழுதியிருக்கிறேன். ஒன்று உனக்கு. ஒன்று அஞ்சலைக்கு. தங்கச்சி, உனக்குப் புரிகிற மாதிரி எழுதியிருக்கிறேன் என்று நம்புகிறேன், எங்காவது புரியவில்லை என்றால் வந்து சொல்கிறேன், டீ வேண்டாம். மூன்றாவது, என் பழைய யூனிட்டுக்கு. கலியமூர்த்தியின் பெயரிலிருந்து கறையை எடுக்க அவர்களுக்கு மனசும் வழியும் இருக்கிறதோ இல்லையோ, என் கையெழுத்து அவர்கள் கையில் இருக்கட்டும். அதனால் எனக்கு என்ன வருமோ வரட்டும். பயமாகத்தான் இருக்கிறது. இந்த வயதில் இதெல்லாம் தேவையா என்று நேற்றுக்கூட ஒரு தடவை பாதி எழுதின தாளைக் கிழிக்கப் போனேன். மறுபடியும் உட்கார்ந்து எழுதிவிட்டேன்.

உனக்குச் சொல்ல வந்தது இவ்வளவுதான். வியாழக்கிழமை நீ சொல்லப் போவதை மாற்றாதே. பிடி நழுவியது என் கையில்தான் என்றே சொல். பிரகாஷ் முறுக்கினான் என்பதை ஒரு நடந்த காரியமாகச் சொல், பழியாகச் சொல்லாதே. வேலை போகலாம். போனால் அது அநியாயம், நான் அவர்களைத் திட்டுவேன், ஆனால் உன்னைத் திட்டமாட்டேன். கடையில் இன்னொரு நாற்காலி இருக்கிறது. கம்மாபுரத்து டிரைவருக்கு என்னைவிட நீ நன்றாகப் புரியவைப்பாய். அப்பா சொல்வதைக் கேட்காதே என்று அப்பனே எழுத வேண்டியதாகிவிட்டது, அதுதான் தாங்கவில்லை. போனை எடு, பாப்பா. திட்டுவதற்காவது எடு.

கடைசியாக, அன்றைக்கு அந்தப் புத்தகத்தில் எழுதியிருக்க வேண்டியதை இதில் எழுதிவிடுகிறேன். மூன்று படியிலும் இதே வரிதான் இருக்கிறது:

குழாயில் ஓட்டை. வெட்டி எடுத்துப் புதுத் துண்டு சேர்க்கப்பட்டது. துண்டு ஒரு நெல் குட்டை. இழுத்துப் பூட்டியிருக்கிறேன். இது தற்காலிகம். தளத்துக்குப் போனதும் உடனே கழற்றி மாற்றவும். செய்தது நான்தான்.

உன் அப்பா